பன்னீர் திராட்சை: ஒரு கொடியின் வரவும் ஓர் ஆண்டின் வழக்கும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தினின்றே தொடங்குவர். 1620இல் டென்மார்க்கினரும், அவரையடுத்துப் போர்த்துக்கேயரும், 1639இல் ஒல்லாந்தரும், 1672இலும் 1782இலும் பிரெஞ்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்துறையை நாடி வந்தமையும், ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை இங்கு நிலைகொண்டிருந்தமையும் நாம் அறிந்தவையே. இவர்கள் யாவரும் முந்திரிகை மதுவை நன்கறிந்த மக்கள். நெடுங்கடற் பயணத்திற் பியர் விரைவிற் கெட்டுவிடுமாதலின், அதற்கு ஈடாக முந்திரிகை மதுவையோ சாராயத்தையோ மாலுமிகளுக்கு அளந்து கொடுத்தல் அக்காலக் கப்பல்களின் வழக்கமாயிருந்தது. இவர்களுக்குப் பின் வந்த கத்தோலிக்கக் குருமாருக்கும் அம்மது இன்றியமையாததாயிற்று. திருப்பலிக்குரிய மது முந்திரிகைப் பழத்திலிருந்தே வடிக்கப்பட்டதாயிருத்தல் வேண்டுமென்பது அத்திருச்சபையின் விதி. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பெற்றதன் பின்னர் இங்குப் பணிபுரிந்தோர் பிரான்சு நாட்டு இயேசு சபையினர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்வளவு தொடர்பிருந்தும் முந்திரிகைக் கொடி இம்மாவட்டத்திற் பெருஞ்செய்கையாக வேரூன்றவில்லை. பீப்பாய் வந்திறங்கிய துறையிற் கொடி வந்திறங்கவில்லை. வணிகப் பண்டத்தின் வரலாறு வேறு, பயிரின் வரலாறு வேறு என்பதை இது புலப்படுத்துகின்றது. பண்டம் துறையளவில் நின்றுவிடலாம். பயிரோ மண்ணையும் நீரையும் மழைக்காலத்தையும் அறிந்த குடியானவன் ஒருவனது கையை அடைந்தாலன்றி வாழாது. தமிழர் வாழும் நிலப்பரப்பில் அவ்வாறு உண்மையாகக் குடியேறிய முந்திரிகை இனங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வரலாறாக இன்று கூறப்படுவது எத்துணை பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வினம் தமிழகத்துத் தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை.

சொல்லும் பொருளும்

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். ஈழத்துத் தமிழ் வழக்கில் முந்திரிகை என்பது இன்றும் கொடியிற் குலைகுலையாகக் காய்க்கும் பழத்தையே குறிக்கும். பழத்தின் வெளியே கொட்டை தொங்கும் மரத்தை மரமுந்திரிகை என வேறுபடுத்துவோம். மலையாளத்திலும் முந்திரி என்றாற் கொடிப்பழமே. தமிழகத்திலோ, போர்த்துக்கேயர் பிரேசிலினின்று கொணர்ந்த மரத்தின் பருப்பு முந்திரி என்னும் பெயரைத் தனதாக்கிக்கொண்டமையால், கொடிப்பழம் திராட்சை என்ற பெயரோடு நிற்கின்றது. திராட்சை வடமொழித் திராட்சா என்பதன் திரிபு. முந்திரிகையும் மிருத்வீகா என்னும் வடசொல்லோடு தொடர்புடையது என்பர். எனவே இரு சொற்களும் இப்பழம் பிறநிலத்தினின்று வந்தது என்பதற்குச் சான்று பகர்கின்றன. இக்கட்டுரையிற் பழத்தைப் பொதுவாகக் குறிக்குமிடத்து நம் வழக்கின்படி முந்திரிகை என்றும், கம்பத்து இனத்தை அவ்வூரார் வழங்கும் பெயராலும் குறிப்போம்.

கொடிக்கு முன்னரே மது தமிழகத்தை அடைந்துவிட்டது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைக் குறிப்பிடுகின்றார். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற் பெரிப்புளுஸ்’ என்னும் கிரேக்க நூல் மேற்குக் கரைத் துறைகளில் இறக்குமதியான பண்டங்களுள் மதுவையும் சேர்க்கின்றது. 1945இல் அரிக்கமேட்டில் நிகழ்ந்த அகழ்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. யவன மது இங்கு வந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும் யவனக் கொடி இங்குப் பயிராகவில்லை. திருகோணமலையிற் கண்ட நிலையே பண்டைத் தமிழகத்திலும் நிலவிற்று எனலாம். புலவர் அத்தேறலின் நிறத்தையோ சுவையையோ கூறாது மணத்தையே எடுத்துரைத்தமை, பின்னர் நாம் காணவிருக்கும் செய்தியொன்றோடு பொருந்துவது.

1832 என்னும் ஆண்டு

2023ஆம் ஆண்டிற் கம்பம் பன்னீர் திராட்சைக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வேளை பரவலாக வெளியான செய்திகளில் மூன்று கூற்றுகள் ஒருங்கே இடம்பெற்றன. இவ்வினத்தின் பிறநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க் என்பது ஒன்று. தமிழகத்தின் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு இவ்வினமே என்பது இன்னொன்று. 1832ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக் குரு ஒருவரால் இது தமிழகத்திற்குக் கொண்டுவரப்பட்டது என்பது மூன்றாவது. முதலிரண்டையும் ஐயுறக் காரணமில்லை. முதலாவதும் மூன்றாவதும் ஒருங்கே உண்மையாதல் இயலுமா என்பதே வினா.

மஸ்கட் ஹாம்பர்க் காட்டிலே தோன்றிய இனமன்று. இங்கிலாந்தின் பெட்போர்ட்சயரிலுள்ள ரெஸ்ற் பார்க் என்னும் மாளிகைத் தோட்டத்திற் பணிபுரிந்த செவார்ட் சினோ என்னும் தோட்டக் கலைஞர், 1850ஆம் ஆண்டளவிற் கண்ணாடி வீட்டினுள் விதையிட்டு வளர்த்தெடுத்த கலப்பினம் அது. பிளாக் ஹாம்பர்க் என ஆங்கிலேயர் வழங்கிய கருநிற முந்திரிகையை அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் வெண்ணிற முந்திரிகையோடு கலந்தே இதனைப் பெற்றதாகத் தோட்டக்கலை மரபு கூறிற்று. 2003இல் வெளியான மரபணு ஆய்வு இக்கூற்றை உறுதிசெய்தது. தாய்க்கொடியான பிளாக் ஹாம்பர்க், வட இத்தாலியில் ஸ்கியாவா குரொசா எனவும் யேர்மனியில் திரொலிங்கர் எனவும் வழங்குவது. இலண்டனை அடுத்த ஹாம்ப்ரன் மாளிகையில் 1768 அளவில் நடப்பட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற பெருங்கொடி இத்தாயினத்தைச் சேர்ந்ததே. தந்தைக்கொடியான அலெக்சாந்திரியா மஸ்கட்டோ மத்தியதரைக் கடற் கரைகளிலே பன்னெடுங் காலம் பயின்றுவந்த மணமிக்க இனம்.

இங்கு முந்திரிகைச் செய்கையின் இயல்பொன்றை மனங்கொள்ளல் வேண்டும். முந்திரிகையை விதையிட்டு வளர்ப்பின் தாயின் குணம் அவ்வாறே பிள்ளைக்கு வருவதில்லை. ஆகவே முற்றிய தண்டைக் கணுக்களோடு வெட்டி நட்டே கொடியைப் பெருக்குவர். இவ்வாறு பெருகிய கொடிகள் யாவும் உண்மையில் ஒரே கொடியின் நீட்சிகளே. கம்பத்துப் பந்தலில் இன்று காய்க்கும் பன்னீர்க் கொடி ஒவ்வொன்றும், ரெஸ்ற் பார்க்கில் முளைத்த ஒரு விதையிலிருந்து தண்டு தண்டாக வெட்டி நடப்பட்டு வந்தது. அவ்விதை முளைப்பதற்கு முன் உலகில் எவ்விடத்திலும் மஸ்கட் ஹாம்பர்க் இருந்திருத்தல் இயலாது. 1832இல் வந்த குரு, 1850 அளவிற் பிறந்த கொடியைக் கொண்டுவந்திருக்க முடியாது என்பது வெளிப்படை.

ஆண்டு எங்கிருந்து வந்தது?

அவ்வாறாயின் 1832 என்பது வெறுங் கற்பனையா? அவ்வாறு தள்ளிவிடுதலும் முறையன்று. இந்திய முந்திரிகைச் செய்கையைப் பற்றிய வேளாண் நூல்கள், 1832ஆம் ஆண்டளவிற் கிறித்தவ மறைபரப்புநர் சேலம், மதுரை மாவட்டங்களில் முந்திரிகையை அறிமுகஞ் செய்தனர் எனக் கூறுகின்றன. இக்கூற்றுப் பொதுவாக முந்திரிகையைப் பற்றியது. அங்கே குறிப்பிட்ட இனம் எதுவும் பேசப்படவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு அக்காலத்தில் மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. காலப்போக்கில் அம்மாவட்டத்தின் பெரும்பயிராகப் பன்னீர் திராட்சை நிலைபெறவே, முந்திரிகையின் வரவுக்குரிய ஆண்டு அவ்வினத்தின் வரவுக்குரிய ஆண்டாக மாறிவிட்டது. முதலில் வந்தவனின் வயது, பின்னர் வந்து வீட்டை ஆள்பவனுக்கு ஏற்றிச் சொல்லப்பட்டமை போன்றது இது.

பிரெஞ்சுக் குரு என்னும் பகுதியையும் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்கலாம். இயேசு சபை 1773இற் கலைக்கப்பட்டது. அதன் தமிழகப் பணித்தளங்கள் 1776இற் பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. அச்சபை புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. மீண்டும் நிறுவப்பெற்ற இயேசு சபையின் பிரெஞ்சுக் குருமார் மதுரைப் பணித்தளத்திற்குத் திரும்பியது 1838ஆம் ஆண்டளவிலேயே. எனவே 1832இல் முந்திரிகை நட்ட பிரெஞ்சுக் குரு ஒருவர் இருந்தாராயின், அவர் புதுச்சேரியைச் சார்ந்தவராயிருத்தலே இயல்பு. மதுரைப் பகுதியின் கத்தோலிக்கத்தை இயேசு சபையோடு மட்டும் இணைத்து எண்ணும் நம் பழக்கமும் இவ்விடத்தில் திருத்தம் பெறுகின்றது.

ஆண்டுகள் இவ்வாறு இடம்பெயர்தல் முந்திரிகை வரலாற்றில் இதுவொன்றே அன்று. மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா தெளலதாபாத்திற்கு வந்து, அங்கு முந்திரிகையும் மாதுளையும் ஆண்டிற்கு இருமுறை காய்ப்பதைக் குறித்துள்ளார். வேளாண் நூல்கள் சிலவற்றில் அவர் வந்த ஆண்டு 1430 எனக் காணப்படும். ஆனால் அவர் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்து அந்நூற்றாண்டிலேயே மறைந்தவர். தெளலதாபாத்தை அவர் கண்டது 1340களில். ஒரு நூலிற் புகுந்த பிழை, சரிபார்ப்பாரின்றி மற்றொன்றிற் படியெடுக்கப்படுகின்றது. பயிரை அறிந்தவர் ஆண்டை ஆராய்வதில்லை. ஆண்டை ஆராய்பவர் பயிரைத் தம் பொருளாகக் கொள்வதில்லை. இவ்விரு சாராருக்குமிடையே உள்ள வெளியிலேயே இத்தகைய பிழைகள் நெடுங்காலம் வாழ்கின்றன.

திருகோணமலை மாணவருக்கு இச்சிக்கல் புதியதன்று. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் குளக்கோட்டன் திருப்பணியைக் கலியுகத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் வைத்துப் பேசுகின்றது. பிரெடரிக் கோட்டையிற் கண்டெடுக்கப்பட்ட வடமொழிச் சாசனமோ, சோடகங்கன் என்பான் 1223இற் கோகர்ணத்திற்கு வந்ததைக் கூறுகின்றது. இவ்விருவரையும் இணைத்து நோக்கிய ஆய்வாளர் உளர். கல்வெட்டு நூலின் ஆண்டை ஏற்காத வரலாற்றாசிரியர், அந்நூல் விவரிக்கும் கோயில் நிவந்தங்களையும் தொழும்பு முறைகளையும் பொய்யெனத் தள்ளிவிடவில்லை. ஆண்டை ஒருபுறமும் நிகழ்ச்சியை ஒருபுறமும் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பை அளித்தனர். பன்னீர் திராட்சைக்கும் அம்முறையே ஏற்றது. மறைபரப்புநர் முந்திரிகையைக் கொணர்ந்தனர் என்பது ஏற்கத்தக்க மரபு. 1832 அவ்வரவின் ஆண்டாயிருக்கலாம். மஸ்கட் ஹாம்பர்க்கின் வரவு அதற்கு இரு பத்தாண்டுகளேனும் பிற்பட்டது.

இனத்தின் இயல்பு

இனிக் கொடியின் குணத்தை நோக்குவோம். பன்னீர் திராட்சை கருநீல நிறமும், விதையும், மென்மையும் சாறும் மிக்க சதையும் உடையது. இதன் தனிச்சிறப்பு மணமே. மஸ்கட் இனங்கள் யாவற்றிலும் லினலோல், ஜெரானியோல், நெரோல் ஆகிய வாசனைப் பொருள்கள் மிகுதியாக உள்ளன. ரோசாவின் நறுமண எண்ணெயிலும் ஜெரானியோலும் நெரோலும் உண்டு. பன்னீர் ரோசா மலரிலிருந்து வடிக்கப்படுவது. எனவே தமிழகக் குடியானவர் இப்பழத்திற்குப் பன்னீர் எனப் பெயரிட்டமை வெறும் புகழ்ச்சியன்று. வேதியியலாளர் பின்னர் கண்ட உண்மையை அவர்கள் மூக்கினால் அறிந்து பெயராக்கியுள்ளனர்.

இதனினும் வியத்தற்குரியது சீனத்துச் செய்தி. பினாங்கிலும் சாவகத்திலும் பெருவணிகராய் விளங்கிய சாங் பிசி 1892இல் யந்தாய் நகரில் சாங்யூ என்னும் மதுத் தொழிலகத்தை நிறுவி, ஐரோப்பியக் கொடிகளை வருவித்தார். சீனாவிற் பரவிய ஐரோப்பிய இனங்களுள் மஸ்கட் ஹாம்பர்க்கும் ஒன்று. அங்கு அதன் பெயர் மெய்குய் சியாங். அதன் பொருள் ரோசா மணம் என்பதாகும். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுக் குடியானவர், ஒரே கொடிக்கு ஒரே கருத்துடைய பெயரைச் சூட்டியுள்ளனர். ஐரோப்பியப் பெயர் ஒரு துறைமுகத்தைக் குறிக்க, ஆசியப் பெயர்கள் பழத்தின் குணத்தைக் குறிக்கின்றன. ஹாம்பர்க் என்னும் பெயரும் தாய்க்கொடி இங்கிலாந்தில் அந்நகரோடு இணைத்துப் பேசப்பட்டதால் வந்ததேயன்றி, இவ்வினம் அங்குப் பிறந்ததால் வந்ததன்று.

மதுவுக்குரிய இனம் என்ற வகையில் இதன் புகழ் சிறிது. கபெர்னே, மேர்லோ போன்ற செம்மது இனங்களின் அடர்நிறமும் துவர்ப்பும் இதில் இல்லை. இதன் மது இளஞ்சிவப்பாயும் உடல் மெலிந்ததாயும் அமையும். மணமோ புதிதாயிருக்குங்கால் மிக்கும் நாட்செல்லக் குறைந்தும் போகும். ஆகவே பிரான்சிலும் இத்தாலியிலும் இது உண்ணும் பழமாகவே பெரிதும் மதிக்கப்படுகின்றது. பிரான்சின் வந்து மலைச்சாரலில் விளையும் இவ்வினப் பழத்திற்கு 1997 முதல் தோற்றநிலக் காப்புரிமை உண்டு. எனினும் கிரேக்க நாட்டின் தெசாலியைச் சேர்ந்த திர்னவோசில் இதனைக் காய்ச்சி வடித்து மணமிக்க சிபுரோ மது ஆக்குவர். கலிபோர்னியாவிற் கறுப்பு மஸ்கட் என்ற பெயரோடு இனிப்பு மதுவாக்குவர். இனிப்போடு சேருங்கால் இதன் மணம் சிறக்கின்றது என்பது இவற்றால் தெரியவரும் பொதுக் குணம்.

பள்ளத்தாக்கும் பந்தலும்

குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டிற் பிறந்த கொடி கம்பத்திற் செழித்ததற்குக் காரணங்கள் உள. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தடுத்துவிடுவதால் பள்ளத்தாக்கு வறண்ட காற்றைப் பெறுகின்றது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தில் அமைந்தமையால் வெப்பமும் அளவோடுள்ளது. நீரோ மலையிலிருந்து வருகின்றது. பென்னிகுவிக் கட்டிய பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது. மழை குறைந்தும் நீர் நிறைந்தும் உள்ள நிலம் முந்திரிகைக்கு வாய்த்த நிலம்.

குளிர்நாடுகளிற் கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டிற்கு ஒருமுறையே காய்க்கும். வெப்பநாட்டில் அவ்வுறக்கம் இல்லை. கவாத்துச் செய்யுங் கத்தியே கொடிக்குப் பருவத்தை அறிவிக்கின்றது. இபின் பதூதா கண்ட இருபோகத்தின் காரணமும் இதுவே. பன்னீர் விரைந்து வளர்ந்து விரைந்து பழுக்கும் இனமாதலின், தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றியமைத்து, ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் அனுப்பக் கம்பத்தார் கற்றுக்கொண்டனர். தேனி மாவட்டத்தில் ஏறத்தாழ 4,000 ஏக்கரில் 90,000 தொன் அளவு இவ்வினம் விளைவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய ஊர்களின் பந்தல்களே இதற்கு ஆதாரம். புவிசார் குறியீடு காப்பதும் இத்திறனையே. ஆகவே 1832 என்னும் ஆண்டு தவறாயினும் அவ்வுரிமை ஒருசிறிதும் தளர்வதில்லை. அவ்வுரிமையின் வேர் கொடியின் வயதில் இல்லை, அதனை இம்மண்ணுக்குப் பழக்கிய கைகளில் உள்ளது.

நம் நிலத்தில்

ஈழத்தில் முந்திரிகை குடியேறிய இடம் யாழ்ப்பாணம். சுண்ணக்கல்லின் மேற்படிந்த செம்மண்ணும், கிணற்று நீர்ப்பாசனமும், துண்டு நிலத்தைக் கண்போற் காக்கும் உழவரும் அங்கு வாய்த்தனர். 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காயம், மிளகாய் என்பவற்றோடு முந்திரிகைக்கும் நல்ல விலையைத் தந்தது. அங்குப் பெரிதும் பயிரிடப்பட்ட கருநிற இனம் இஸ்ரேல் புளூ எனப்படும். வண. பி. ஏ. தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தார், நெல்லிச் சாற்றோடு முந்திரிகை மதுவும் ஆக்கிப் பெயர்பெற்றனர். துறவோர் கையிற் கொடி வாழ்ந்த ஐரோப்பிய மரபின் தமிழ் வடிவம் அது எனலாம். 1990இன் பின் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாகியபோது தோலகட்டியும் மக்களை இழந்தது. முந்திரிகைப் பந்தல் ஆண்டுதோறும் கத்தியையும் நீரையும் எதிர்நோக்குவது. ஆளில்லாத பந்தல் சில ஆண்டுகளிலே அழிந்துபோகும். நெல்வயல் மீண்டும் உழப்படக் காத்திருக்கும். கொடி அவ்வாறு காத்திராது.

திருகோணமலைக்கு மீள்வோம். இங்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கின்றது. பழுக்குங் காலத்து மழை பழத்தை வெடிக்கச் செய்யும், பூஞ்சண நோயையும் வளர்க்கும். ஆயினும் அதே பருவமழையின் கீழ் யாழ்ப்பாணத்து உழவர் கத்தரிக்குங் காலத்தை மாற்றி வென்றனர். ஆதலின் வானத்தை மட்டும் குறைகூறல் இயலாது. துறையையும் கோட்டையையும் கைப்பற்ற வந்தோர், அவற்றின் பின்னேயிருந்த வயலையும் தோட்டத்தையும் தம் பொருளாகக் கொள்ளவில்லை. கொடியை நட்டுக் காத்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவர்களின் கணக்கில் இல்லை.

தொகுத்து நோக்குமிடத்து, பன்னீர் திராட்சையின் வரலாறு இருவகைச் சான்றுகளால் ஆயது. ஏட்டிலுள்ள ஆண்டு ஒன்று. அது பழையது போலத் தோன்றினும் வேறொரு நிகழ்ச்சிக்குரியது. மக்கள் வாயிலுள்ள பெயர் மற்றொன்று. அது ஆண்டெதையும் கூறாவிடினும் பொருளின் உண்மையை விடாது பற்றி நிற்கின்றது. இவற்றுள் எதனையும் விட்டுவிடாது, ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதித்தலே வரலாற்று மாணவரின் கடமையாகும். நம் சந்தையில் விற்கும் பழத்திற்கும் மணம் உண்டு, பெயர் உண்டு, வந்த வழியும் உண்டு. அரசரையும் கோட்டைகளையும் ஆராய்ந்த அதே கண்டிப்போடு அவற்றையும் ஆராய்வோமாயின், துறைமுகத்தின் வரலாற்றோடு தோட்டத்தின் வரலாறும் நமக்குக் கிடைக்கும்.